கரைதான் கணக்குப் பார்க்கிறது



1993ஆம் ஆண்டு. ஆஸ்திரேலியாவின் பாண்டை கடற்கரையில் வளர்ந்த பாலின் மென்சர் அலைச்சறுக்கில் உலக சாம்பியன் ஆகிறார். அவர் கைக்கு ஒரு கோப்பை வருகிறது. அதுவும் உடைந்த கோப்பை. காசோலை? இல்லை. உலகப் பட்டத்துக்கென்று ஒரு காசுகூட அவருக்குத் தரப்படவில்லை. பதினான்கு வயதிலேயே முடக்குவாதம் பிடித்த பெண் அவர். மூட்டு வீங்கி எழுந்து நடக்கவே முடியாத நாட்கள் உண்டு. அந்த உடம்போடுதான் அலைமேல் ஏறி நின்று உலகத்தை வென்றார். வென்றவர் பிற்காலத்தில் பிழைப்புக்குப் பள்ளிப் பேருந்து ஓட்டினார்.

இதை அவரே சொல்லித்தான் உலகம் அறிந்தது. 'கேர்ள்ஸ் கான்ட் சர்ஃப்' என்று 2020இல் ஓர் ஆவணப்படம் வந்தது. பெண்களுக்கு அலைச்சறுக்கு வராது என்று அந்தக் காலத்து ஆண்கள் அடித்த கிண்டலையே தலைப்பாக வைத்துக்கொண்ட படம். எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் போட்டியிட்ட பெண்கள் வரிசையாக வந்து தங்கள் கதையைச் சொல்கிறார்கள். நல்ல அலை எழும்பும் நேரமெல்லாம் ஆண்களுக்கு. காற்று கெட்டு, கடல் கலங்கியபின் பெண்களுக்கு. அந்தப் படத்தைப் பார்த்து மனம் பொறுக்காத மக்கள் நிதி திரட்டி, பாலினுக்கு வரவேண்டிய பரிசுத் தொகையைக் கொண்டுபோய்க் கொடுத்தார்கள். பட்டம் வென்று இருபத்தெட்டு ஆண்டுகள் கழித்து!

பழைய கதை என்று யாரும் தள்ளிவிட வேண்டாம். 2018இல் தென்னாப்பிரிக்காவின் பல்லிட்டோ நகரில் இளையோர் போட்டி. வென்ற பையனும் வென்ற பெண்ணும் ஆளுக்கொரு பெரிய காசோலை அட்டையைப் பிடித்துக்கொண்டு புகைப்படத்துக்கு நிற்கிறார்கள். பையன் கையில் 8,000 ராண்ட். பெண் கையில் 4,000 ராண்ட். ஆண்கள் பிரிவில் போட்டியாளர்கள் அதிகம், அதனால் தொகையும் அதிகம் என்று விளக்கம் சொன்னார்கள். படத்தைப் பார்த்த உலகம் அந்த விளக்கத்தை ஏற்கவில்லை. அதே ஆண்டு செப்டம்பரில், 2019 முதல் ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே பரிசுத் தொகை என்று, உலகப் போட்டிகளை நடத்தும் வேர்ல்ட் சர்ஃப் லீக் அறிவித்தது.

அலைச்சறுக்கு வீராங்கனைகளின் பேச்சைக் கூர்ந்து கேட்டால் ஒன்று புரியும். கடலைப் பற்றிப் பேசத் தொடங்குவார்கள். பாதியில் பேச்சு கரைக்கு வந்துவிடும். அலை ஆள் பார்த்து எழுவதில்லை. ஆண், பெண், ஏழை, பணக்காரர் என்ற கணக்கெல்லாம் கரையில் போடப்படுவது. கடல் அவர்களுக்குக் கொடுத்தது என்ன, அதைப் பெறக் கரையில் அவர்கள் எதையெல்லாம் வெல்ல வேண்டியிருந்தது என்ற இரண்டையும் சேர்த்துப் பார்க்கத்தான் இந்த மேடை.

நம் நெய்தல் திணையில் தலைவி எங்கே இருக்கிறாள்? கரையில். அந்தத் திணைக்கு உரிப்பொருளே இரங்கல். தலைவன் வரவை நோக்கிக் காத்திருப்பவள் அவள். தோழியரோடு கடலாடும் பெண்களும் சங்கப் பாட்டில் உண்டு. ஆனாலும் பெரும்பகுதி காத்திருப்புதான். ஹவாய்த் தீவுகளின் மரபு வேறு. அங்கே அலைச்சறுக்கு ஆணுக்கும் பெண்ணுக்கும் பொது. அரசி காகுமானு அலையில் தேர்ந்தவர் என்று பெயர் பெற்றவர். 1820இல் கிறித்தவ மிஷனரிகள் வந்து இறங்கினார்கள். அரைகுறை உடையில் ஆணும் பெண்ணும் ஒன்றாக நீராடுவது அவர்களுக்கு ஒவ்வவில்லை. வந்தவர்கள் கொண்டுவந்த நோயில் மக்கள்தொகையும் சரிந்தது. அந்த நூற்றாண்டின் முடிவில் அலைச்சறுக்கே அருகிப்போனது. இருபதாம் நூற்றாண்டில் அது மீண்டு எழுந்தபோது, ஆண்களின் விளையாட்டாக உலகத்துக்கு அறிமுகமானது.

அந்த ஹவாயில் ஓவாகு தீவின் மேற்குக் கரை ஊர் மக்காகா. அங்கே 1950இல் பிறந்தவர் ரெல் சன். ஹவாயின் முதல் பெண் உயிர்காப்பாளர். பெண்களுக்கென்று தொழில்முறைப் போட்டிகள் உருவாக முன்னின்றவர்களில் ஒருவர். 1976இல் தன் ஊர்ச் சிறுவர் சிறுமியருக்காக அவர் தொடங்கிய அலைச்சறுக்குப் போட்டி ஊர்த் திருவிழாபோல் நிலைத்தது. 1982இல், முப்பத்திரண்டு வயதில், மார்பகப் புற்றுநோய். அதிக நாள் தாங்காது என்று மருத்துவர்கள் கைவிரித்தார்கள். சிகிச்சைக்கு நடுவே, தலைமுடி உதிர்ந்த நிலையிலும் கடலுக்குப் போனார். பதினைந்து ஆண்டுகள் வாழ்ந்தார். அத்தோடு விடவில்லை. தன் வட்டாரப் பெண்களிடம் போய், கட்டியை முன்கூட்டியே கண்டுபிடிப்பது எப்படி என்று சொல்லிக்கொடுத்தார். 1998 ஜனவரியில் மறைந்தார். அவர் சாம்பலை மக்காகா அலையில்தான் கரைத்தார்கள்.

இன்னொரு கடலுக்குப் போவோம். போர்ச்சுகலின் நசாரே. கரைக்குச் சற்றுத் தொலைவில் கடலடியில் பெரும் பள்ளத்தாக்கு ஒன்று தொடங்கி, இருநூறு கிலோமீட்டருக்கும் மேல் ஆழ்கடலுக்குள் ஓடுகிறது. அட்லாண்டிக்கில் புயல் கிளப்பிய அலை, ஆழமான அந்தப் பள்ளத்தின் வழியே வேகம் குறையாமல் வருகிறது. பக்கத்து ஆழமற்ற பகுதியில் வரும் அலையோ வேகம் குறைந்து வருகிறது. இரண்டும் கரையருகே சேருமிடத்தில் பல மாடி உயரத்துக்கு நீர் எழும்புகிறது. அதைக் கையால் துடுப்புப் போட்டுப் பிடிக்க முடியாது. ஜெட் ஸ்கியில் கயிறு கட்டி இழுத்துக்கொண்டுபோய், அலை எழும் கணத்தில் கயிற்றை விட வேண்டும்.

பிரேசிலின் மாயா கபெய்ரா 2013 அக்டோபரில் அங்கே விழுந்தார். கணுக்கால் பக்கத்து எலும்பு முறிந்தது. நினைவு தப்பியது. கூட்டாளி கார்லோஸ் புர்லே அவரைக் கரைக்கு இழுத்து வந்தார். மணலிலேயே மார்பை அழுத்தி மூச்சை மீட்டார்கள். முதுகில் அடுத்தடுத்து அறுவை சிகிச்சை. அது போதாதென்று, இந்த அலைக்குரிய திறமை அவருக்கு இல்லை என்று புகழ்பெற்ற வீரர் ஒருவரே வெளிப்படையாகச் சொன்னார். மாயா என்ன செய்தார் தெரியுமா? அந்த நசாரேயிலேயே குடியேறினார்! 2018 ஜனவரி 18 அன்று 68 அடி அலையில் இறங்கினார். அதன்பின் வந்தது கரைப் போராட்டம். அந்தச் சாதனை பதிவேட்டில் ஏறுவதற்கே பொதுமக்களிடம் கையெழுத்து திரட்ட வேண்டியிருந்தது. அக்டோபரில்தான் கின்னஸ் அங்கீகரித்தது. இரண்டு ஆண்டு கழித்து, 2020 பிப்ரவரியில், 73.5 அடி. அந்தப் பருவத்தில் ஆண், பெண் யார் ஏறிய அலையையும்விட உயரமானது அது.

கலிபோர்னியாவில் மேவரிக்ஸ் என்றொரு பேரலைக் களம் உண்டு. 1999இல் தொடங்கிய அங்குள்ள போட்டி ஆண்டுக்கணக்கில் ஆண்களின் களமாகவே இருந்தது. பியான்கா வலென்டி, கீலா கெனலி, ஆண்ட்ரியா மோலர், பெய்ஜ் ஆம்ஸ் ஆகிய நான்கு வீராங்கனைகள் 2016இல் ஒரு குழுவாகச் சேர்ந்தார்கள். கண்ணீர்விட்டுக் கேட்கவில்லை, சட்டப் புத்தகத்தைப் புரட்டினார்கள். கடற்கரை பொதுச் சொத்து. அங்கே போட்டி நடத்த அரசு அமைப்பின் அனுமதி வேண்டும். பொதுச் சொத்தில் பாதிப்பேரை ஒதுக்கிவைத்து நடத்தும் போட்டிக்கு எப்படி அனுமதி தருவீர்கள் என்று கலிபோர்னியக் கடற்கரை ஆணையத்தின் முன் போய் நின்றார்கள். அந்தக் கேள்வி 2019இல் மாநிலச் சட்டமாகவே ஆனது. அரசு நிலத்தில் நடக்கும் போட்டிகளில் ஆணுக்கும் பெண்ணுக்கும் பரிசு சமம். வாதாடத் தெரிந்த வீராங்கனைகள் நால்வர், தங்களுக்குப் பின் வரும் அத்தனை பெண்களுக்கும் வழி திறந்துவிட்டார்கள்.

இதெல்லாம் வெள்ளைக்காரர் ஊர்க் கதை என்று எண்ணுகிறவர்களுக்கு, இலங்கையின் கிழக்குக் கரையைக் காட்ட வேண்டும். பொத்துவிலை அடுத்த அறுகம் குடா. மே முதல் செப்டம்பர் வரை அங்கே அலைக்காகவே உலகத்தின் பல மூலைகளிலிருந்தும் ஆட்கள் வந்து குவிவார்கள். உள்ளூர்ப் பையன்கள் சின்ன வயதிலேயே பலகை தூக்கிவிடுவார்கள். பெண்பிள்ளைகள்? அவர்களுக்குக் கடல் என்றால் மீன், அல்லது 2004 டிசம்பர் 26. இலங்கையில் சுனாமி அதிக உயிர்களைக் காவுகொண்டது அம்பாறை மாவட்டத்தில்தான். அந்த நினைவு இருக்கிற வீட்டில், மகள் கடலில் இறங்கட்டும் என்று எந்தத் தாய்க்கு வாய் வரும்? வெயிலில் கறுத்துப்போனால் கலியாணம் கட்ட யார் வருவார் என்ற கவலை வேறு.

அங்கே ஷமாலி சஞ்சயா என்ற பெண், கலிபோர்னியாவிலிருந்து வந்து குடியேறிய டிஃபனி கரோத்தர்ஸ் துணையோடு, 2018 ஆகஸ்டில் பெண்களுக்கென்றே ஓர் அலைச்சறுக்குச் சங்கத்தைத் தொடங்கினார். இலங்கையில் அதுதான் முதல். ஊரில் முணுமுணுப்பு எழாமல் இல்லை. ஆனாலும் பிள்ளைகளைப் பெற்ற தாய்மாரும் சேர்ந்தார்கள்.

பாடம் எப்படித் தொடங்கும் என்று பாருங்கள். முதலில் மணலில். பலகைமேல் குப்புறப் படுத்து, இரண்டு உள்ளங்கையையும் விலாப்பக்கம் ஊன்றி, ஒரே எம்பலில் காலை மடக்கி எழ வேண்டும். பார்வை காலைப் பார்க்கக் கூடாது. எதிரே கரையைப் பார்க்க வேண்டும். பிறகு இடுப்பளவு நீரில், உடைந்து வரும் நுரை அலையில். விழுந்தால் பலகை அடித்துச் செல்லப்படாமல் இருக்கக் காலில் ஒரு கயிறு. விழுவார்கள், உப்புத்தண்ணீர் குடிப்பார்கள், எழுவார்கள். பாடத்தின் பாதி நீச்சல்தான். கடலோரத்தில் பிறந்தும் நீந்தத் தெரியாத பெண்கள் ஏராளம். நீந்தத் தெரிந்தபின், தண்ணீர் தன்னைத் தாங்கும் என்பதை உடம்பே கற்றுக்கொள்கிறது. சமையலுக்கும் துணி துவைப்பதற்கும் நடுவே, யாரும் கூப்பிட முடியாத ஒரு மணி நேரம் அவர்களுக்குக் கிடைக்கிறது. வீட்டில் இருக்கிற எந்தப் பெண்ணையும் கேட்டுப் பாருங்கள், அந்த ஒரு மணி நேரத்தின் விலை என்னவென்று!

உடுப்பு ஒரு தடையா? அயர்லாந்து வீராங்கனை ஈஸ்கி பிரிட்டன் 2010இல் ஈரானின் பலூசிஸ்தான் கரையில் தலை முதல் கால்வரை மூடிய உடையில் அலையேறினார். 2013இல் மீண்டும் போனபோது மோனா செராஜி, ஷஹ்லா யாசினி என்ற இரண்டு ஈரானியப் பெண்கள் அவரோடு இறங்கினார்கள். அந்தக் கரையில் அலைச்சறுக்கைத் தொடங்கிவைத்தவர்கள் பெண்கள்தான். பையன்கள் அவர்களைப் பார்த்து வந்தவர்கள். மனமிருந்தால் உடுப்புக்குத் தையற்காரர் வழி சொல்வார்.

நம் கரைக்கு வருவோம். இந்தியாவில் இந்தப் பாதையை முதலில் வெட்டிய பெண் என்று பெயர் பெற்றவர் மும்பைக்காரர் இஷிதா மாளவியா. மணிப்பாலுக்குப் படிக்கப் போன இடத்தில் அலையைக் கண்டுகொண்டு, உடுப்பிக்குப் பக்கத்துக் கோடி பெங்ரே மீனவ ஊரில் பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுக்கத் தொடங்கினார். நம் மாமல்லபுரத்துக் கமலி மூர்த்தி, கவுன் அணிந்து வெறுங்காலோடு சக்கரம் வைத்த சறுக்குப் பலகையில் இறங்கிய சிறுமி. அவரையும் அவரைத் தனியாக வளர்த்த தாயையும் பற்றி சாஷா ரெயின்போ எடுத்த 'கமலி' குறும்படம் 2020இல் பாஃப்டா விருதின் இறுதிப் பட்டியல்வரை போனது. பின்னர் அலைச்சறுக்குப் போட்டிகளிலும் கமலியின் பெயர் ஒலித்தது. அதே மாமல்லபுரத்தில் 2025 ஆகஸ்டில் ஆசிய அலைச்சறுக்குப் போட்டியே நடந்தது.

ஆகவே, இந்த அவையின் வழியாக மூன்று கோரிக்கைகள். முதலாவது, கடலோர ஊர்களில் உள்ள அரசுப் பள்ளிகளில் பெண்பிள்ளைகளுக்கு நீச்சல் பயிற்சி. கற்றுத்தருபவர் பெண்ணாக இருந்தால் அனுப்பத் தயங்கும் வீடுகள் குறையும். இரண்டாவது, பயிற்சி நடக்கும் கடற்கரைகளில் உள்ளே பூட்டிக்கொள்ளக்கூடிய, தண்ணீர் வருகிற உடை மாற்றும் அறை. சின்ன விஷயமாகத் தெரியும். ஈரத்துணியோடு பேருந்து ஏற வேண்டியிருந்தால் எந்தப் பெண்பிள்ளை மறுநாள் வருவாள்? மூன்றாவது, உயிர்காப்பாளர் வேலைக்கு ஆள் எடுக்கும்போது மீனவக் குடும்பத்துப் பெண்களுக்கும் இடம். அலையையும் நீரோட்டத்தையும் பிறந்ததிலிருந்து பார்த்து வளர்ந்தவர்கள் அவர்கள்.

இந்த மூன்றையும் மனுவாக எழுதி வாசலருகே மேசைமேல் வைத்திருக்கிறார்கள். போகும்போது கையெழுத்திட்டுச் செல்லுங்கள். மீனவக் குடியிருப்புகளிலிருந்து வந்திருக்கும் தாய்மார்கள் கையெழுத்து முதல் பக்கத்தில் இருக்கட்டும்.