ஜாம் இசையும் அதன் ரசிகர் கூட்டமும்



ஒரு பாட்டை நேற்றுப் பாடியது போலவே இன்றும் பாடக் கேட்டு மகிழ்வோர் உண்டு. நேற்றுப் பாடியதையே இன்றும் பாடினால், “இன்று நான் வந்ததன் பயன் யாது?” என்று கேட்போரும் உண்டு. இந்த இரண்டாம் வகையினர் அமெரிக்க நாட்டில் பெருங்கூட்டமாகத் திரண்டு, ஓர் இசை மரபையே காத்து வந்திருக்கின்றனர். அம்மரபைப் படைத்தவை ‘ஜாம்’ இசைக்குழுக்கள். அக்குழுக்களைப் பற்றியும் அவற்றின் ரசிகர்களைப் பற்றியும் இன்று சில செய்திகளைக் கூற விரும்புகின்றேன்.

‘ஜாம்’ என்றவுடன் ரொட்டியில் தடவும் பழப்பாகு உங்கள் நினைவுக்கு வரலாம். இது அது அன்று. ஜாஸ் இசைக் கலைஞர்கள், கூலிக்கு வாசிக்கும் வேலை முடிந்தபின், இரவில் நெடுநேரம் ஒன்றுகூடித் தம் மனம் போனபடி வாசித்து மகிழ்வது வழக்கம். எழுதி வைத்த சுரக்குறிப்பு அங்கே இராது. ஒருவர் ஒரு மெட்டைத் தொடங்குவார். மற்றொருவர் அதைப் பற்றிக்கொண்டு விரிப்பார். மூன்றாமவர் அதை வேறு பக்கம் திருப்புவார். இத்தகைய கூட்டு வாசிப்பிற்கே ‘ஜாம்’ என்னும் பெயர் வழங்கிற்று. நம் சங்கீத வித்துவான் ஒருவர் ஒரே பல்லவியை எடுத்துக்கொண்டு அரைமணி நேரம் விரித்துப் பாடுவதைக் கேட்டவர்களுக்கு இம்முறை எளிதில் விளங்கும். ஆயினும் ஒரு வேறுபாடு உண்டு. நம் கச்சேரியில் பாடகர் முன்னே செல்லப் பக்கவாத்தியக்காரர் பின்தொடர்வர். ஜாம் குழுவிலோ, முன்னே செல்பவர் இன்னார் என்ற நியமம் இல்லை. ஐந்தாறு பேர் ஒருவர் சொல்லை ஒருவர் கூர்ந்து கேட்டு நடத்தும் உரையாடல் போன்றது அது.

இம்மரபின் முன்னோடிகளுள் தலையாயவர் ‘கிரேட்ஃபுல் டெட்’ என்னும் குழுவினர். 1965ஆம் ஆண்டு, கலிபோர்னியாவில் பாலோ ஆல்டோ என்னும் ஊரில், ‘வார்லாக்ஸ்’ என்ற பெயரோடு இவர்கள் தொடங்கினர். கிட்டார் வாசித்த ஜெர்ரி கார்சியா, அமெரிக்க மலைநாட்டு மக்களின் பாடல்களிலும் பாஞ்சோ வாத்தியத்திலும் ஊறியவர். ஃபில் லெஷ் மேனாட்டுச் சாத்திரிய இசையையும் புதுமை இசையமைப்பையும் பயின்றவர். ரான் மெக்கெர்னன் கறுப்பின மக்களின் ‘புளூஸ்’ பாடல்களில் தோய்ந்தவர். பாப் வியர் அந்நாளில் பதினெட்டு வயதும் நிரம்பாத இளைஞர். பில் கிராய்ட்ஸ்மன் முரசு வாசித்தார். 1967இல் மிக்கி ஹார்ட் இரண்டாவது முரசுக் கலைஞராக வந்து சேர்ந்தார். வெவ்வேறு ஊற்றுகளிலிருந்து வந்த நீர் ஒரே ஆற்றில் கலந்தது போல இவர்கள் இசை அமைந்தது.

குழுவின் பெயருக்கு ஒரு பொருள் உண்டு. பல நாடுகளில் வழங்கும் பழங்கதை ஒன்றின் பெயர் அது. வழிப்போக்கன் ஒருவன், கடன் தீராமல் இறந்தவனுடைய உடல் அடக்கம் செய்யப்படாமல் கிடப்பதைக் காண்கின்றான். தன் கைப்பொருளைக் கொடுத்து அவனை அடக்கம் செய்துவிட்டுச் செல்கின்றான். பின்னர், அந்த இறந்தவனே நன்றியுணர்வோடு முகமறியாத துணைவனாக வந்து அவனுக்கு உதவுகின்றான். கைம்மாறு கருதாமல் கொடுத்தது ஒருநாள் எதிர்பாராத வழியில் திரும்பி வரும் என்பதே கதையின் கருத்து. இக்குழுவின் வரலாறும் அக்கதையை ஒத்தே நடந்தது.

இவர்கள் இசையின் இயல்பை ஓர் எடுத்துக்காட்டால் விளக்குகின்றேன். ‘டார்க் ஸ்டார்’ என்னும் பாட்டை இவர்கள் 1968இல் இசைத்தட்டாக வெளியிட்டபோது அது மூன்று நிமிடத்திற்குள் முடிந்துவிட்டது. அடுத்த ஆண்டு வெளிவந்த ‘லைவ் டெட்’ என்னும் தொகுப்பில் அதே பாட்டு 23 நிமிடம் ஓடுகின்றது. சொற்கள் மிகுந்தனவா? இல்லை. சொற்களுக்கு இடையே இருந்த வெளிதான் விரிந்தது. ஒவ்வோர் இரவும் அவ்வெளி ஒவ்வொரு விதமாக நிரம்பிற்று. சில இரவுகளில் அது பெருஞ்சிறப்புற்றது. சில இரவுகளில் தடுமாறித் தளர்ந்தும் போயிற்று. தடுமாற்றத்திற்கு அஞ்சுபவர் இத்தகைய இசையில் இறங்க இயலாது. அதைப் பொறுக்க மாட்டாதவர் இதன் ரசிகராகவும் இயலாது.

ஒவ்வோர் இரவும் புதிது என்றால், ஒரு கச்சேரியைக் கேட்டவர் அடுத்ததையும் கேட்க விரும்புவது இயற்கை அன்றோ? முப்பது ஆண்டுகளில் இக்குழு ஏறத்தாழ 2,300 கச்சேரிகள் செய்தது. ஊர் ஊராக அவர்கள் செல்ல, ரசிகர்களும் பழைய வண்டிகளில் பின்தொடர்ந்தனர். ‘டெட்ஹெட்’ என்பது இவர்கள் பெயர். 1971இல் வெளியிட்ட இசைத்தட்டு உறையில், ரசிகர்கள் தம் பெயரையும் முகவரியையும் எழுதி அனுப்புமாறு குழுவினர் கேட்டுக்கொண்டனர். சிதறிக் கிடந்தவர்கள் ஒரு சமூகமாக ஒன்றுகூட அவ்வழைப்பு வழி செய்தது. 1983 முதல் குழுவினர் தாமே தபால் மூலம் சீட்டு விற்றனர். ரசிகர்கள் அனுப்பிய உறைகளில் வண்ண வண்ணச் சித்திரங்கள் தீட்டப்பட்டிருந்தன. அவற்றுள் பல இன்று சாண்டா குரூஸ் நகரிலுள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் ஆவணக் காப்பகத்தில் பேணப்படுகின்றன.

கச்சேரி நடக்கும் அரங்கின் வெளியே, வண்டிகள் நிற்கும் திடலில் ஒரு சிறு சந்தை கூடும். நம் சுங்குடியைப் போல முடிந்து சாயமேற்றிய சட்டைகளும், உணவுப் பண்டங்களும் அங்கே விலைபோகும். சீட்டுக் கிடைக்காதவர் ஒற்றை விரலை உயர்த்தியபடி நிற்பார். யாரேனும் ஒருவர் தம்மிடம் மிகுதியாக உள்ள சீட்டை விலை வாங்காமல் அவர் கையில் கொடுத்துவிட்டுச் செல்வதும் உண்டு. அதற்கு அவர்கள் இட்ட பெயர் ‘அற்புதம்’.

இனி நான் சொல்லப்போவதே இக்கதையின் உயிர்நாடி. கச்சேரிகளில் ஒலிப்பதிவு செய்வதைத் தடுப்பது இசையுலகின் வழக்கம். இக்குழுவின் ரசிகர் சிலரும் தொடக்கத்தில் ஒலிவாங்கிகளை மறைத்துக் கொண்டுதான் சென்றனர். குழுவினர் அதைப் பெரிதும் பொருட்படுத்தவில்லை. 1984ஆம் ஆண்டு அக்டோபரில் அவர்கள் ஒரு படி மேலே சென்று, பதிவு செய்வோருக்கென்றே அரங்கில் தனியிடம் ஒதுக்கினர். வாசித்து முடித்த பின் அந்த இசை கேட்டவர்க்கு உரியது என்பது கார்சியாவின் எண்ணம்.

ஆனால் ஒரு நிபந்தனை உண்டு: பதிவை விற்கக் கூடாது. இந்நிபந்தனையைக் காத்தவர்கள் ரசிகர்களே. பதிவு வைத்திருப்பவருக்கு ஒருவர் காலி ஒலிநாடாவையும் தபால் செலவையும் அனுப்பினால், படி எடுத்துத் திருப்பி அனுப்பப்படும். அதற்கு மேல் ஒரு காசும் பெறுவது இழுக்கு எனக் கருதப்பட்டது. விற்றுப் பிழைப்பவனை ரசிகர் கூட்டம் ஒதுக்கியது. இவ்வாறு நாடெங்கும் பரவிய நாடாக்களே புதிய ரசிகர்களைக் கச்சேரிக்கு இழுத்து வந்தன. இலவசமாகக் கொடுத்ததனால் குழு வறுமையுறவில்லை. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் அமெரிக்காவில் கச்சேரி வருவாயில் முன்னணியில் நின்ற குழுக்களுள் அது ஒன்று.

ரசிகர்களின் இப்பணிக்கு ஒரு சான்று கூறுகின்றேன். 1977ஆம் ஆண்டு மே 8ஆம் நாள் கார்னெல் பல்கலைக்கழகத்தில் நடந்த கச்சேரியை, குழுவின் ஒலிப்பதிவாளர் பெட்டி கேன்டர் ஜாக்சன் என்னும் பெண்மணி பதிவு செய்தார். அவரிடமிருந்த நாடாக்கள் பின்னாளில் வாடகை செலுத்தப்படாத ஒரு கிடங்கறையிலிருந்து ஏலம் போயின. அவை ரசிகர்கள் கைக்கு வந்து, படியெடுக்கப்பட்டு, நாடெங்கும் பரவின. அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் காக்கத் தக்க ஒலிப்பதிவுகளுக்கென வைத்திருக்கும் தேசியப் பட்டியலில், 2011ஆம் ஆண்டுக்குரியவற்றுள் ஒன்றாக இப்பதிவு இடம்பெற்றது. குழுவின் சார்பில் இது விற்பனைக்கு வெளிவந்ததோ 2017இல்தான். கடையில் கிடைக்காத ஒன்று நாட்டின் செல்வமாக மதிக்கப்பட்டது என்றால், அதைக் காத்த பெருமை ரசிகர்க்கும் உரியது.

இச்செய்திகளைக் கேட்டு, அங்கே எல்லாம் நலமே என்று எண்ணிவிட வேண்டா. போதைப் பொருள்கள் இக்கூட்டத்தைத் தொடக்க முதலே பற்றியிருந்தன. மெக்கெர்னன் குடியினால் உடல் கெட்டு 1973இல் தம் 27ஆம் வயதில் மாண்டார். ஆனால் ரசிகரிடையே அதற்கு மாற்றும் தோன்றிற்று. எண்பதுகளில், குடியையும் போதையையும் விட்டொழித்த ரசிகர்கள் ‘வார்ஃப் ராட்ஸ்’ என்னும் சங்கமாகக் கூடினர். கச்சேரியின் இடைவேளையில் மஞ்சள் பலூன்களை அடையாளமாகக் கட்டிவைத்து, ஒருவர்க்கொருவர் ஊன்றுகோலாய் நின்றனர். இசையை விடாமலே போதையை விடலாம் என்று அவர்கள் காட்டினர்.

மற்றொரு கேடு புகழால் வந்தது. 1987இல் ‘டச் ஆஃப் கிரே’ என்னும் பாட்டு நாடெங்கும் பெருவெற்றி பெற்றது. கூட்டம் பெருகிற்று, ஆனால் இசையையும் அதன் ஒழுங்கையும் அறியாமல், வேடிக்கைக்காக வந்தவர் பலர். 1995 ஜூலை 2ஆம் நாள், இண்டியானா மாநிலத்து டீர் கிரீக் அரங்கில், சீட்டில்லாத ஆயிரக்கணக்கானோர் வேலியை உடைத்து உள்ளே புகுந்தனர். மறுநாள் கச்சேரி நிறுத்தப்பட்டது. குழுவினர் ரசிகர்களுக்கு ஒரு கடிதம் எழுதினர். இந்நிலை நீடித்தால் தங்கள் பயணமே நின்றுவிடும் என்பது அதன் சாரம். அரசையோ காவலரையோ நோக்கி அவர்கள் முறையிடவில்லை. ரசிகரையே பொறுப்பேற்கச் சொன்னார்கள். ஒருவாரத்தில் சிகாகோவில் நடந்த கச்சேரியே கார்சியாவின் இறுதிக் கச்சேரி ஆயிற்று. ஆகஸ்ட் 9ஆம் நாள், போதைப் பழக்கத்திலிருந்து மீள்வதற்காகச் சேர்ந்திருந்த விடுதியில், தம் 53ஆம் வயதில் அவர் இயற்கை எய்தினார். அதன்பின் அப்பெயரில் குழு இயங்கவில்லை.

மரபு அதனோடு முடிந்ததா? இல்லை. 1983இல் வெர்மான்ட் பல்கலைக்கழக மாணவர்கள் தொடங்கிய ‘ஃபிஷ்’ என்னும் குழு அதை ஏற்று நடத்திற்று. இவர்களும் பதிவு செய்ய இசைவளித்தனர். 1995ஆம் ஆண்டுப் பயணத்தில் இவர்கள் ரசிகர்களோடு சதுரங்கம் ஆடினர்! மேடையில் பெரிய சதுரங்கப் பலகை; ஒரு கச்சேரிக்கு ஒரு காய் நகர்த்தல். ரசிகர்கள் இடைவேளையில் கூடி, வாக்களித்துத் தங்கள் நகர்த்தலை முடிவு செய்வர். 2017இல் நியூயார்க்கின் மாடிசன் ஸ்கொயர் கார்டனில் இக்குழு பதின்மூன்று இரவுகள் வாசித்தது. அவற்றில் ஒரு பாட்டேனும் இரண்டாம் முறை வரவில்லை. இக்குழுவின் ரசிகர்கள் 1996இல் ‘மாக்கிங்பேர்ட்’ என்ற அறநிலையத்தை நிறுவினர். ஊதியம் பெறாத தொண்டர்களே அதை நடத்துகின்றனர். குழந்தைகளின் இசைக்கல்விக்கு அது பொருளுதவி செய்கின்றது.

நம் நாட்டிற்கும் இம்மரபோடு உறவு உண்டு. மிக்கி ஹார்ட், தபலா மேதை அல்லா ரக்காவிடம் தாள நுட்பங்களைக் கற்றார். அவர் மகன் ஜாகிர் உசேனோடு பல ஆண்டுகள் இணைந்து வாசித்தார். 1991இல் ஹார்ட் வெளியிட்ட ‘பிளானட் டிரம்’ என்னும் தொகுப்பில் கடம் வாசித்தவர் நம் விக்கு விநாயக்ராம். உலக இசைக்கென முதன்முதலாக வழங்கப்பட்ட கிராமி பரிசு அத்தொகுப்பிற்கே கிட்டிற்று. மண்பானையின் நாதம் கலிபோர்னியா வரை சென்று வென்றது நமக்கு மகிழ்ச்சி தருவதன்றோ?

மாணவர்களே, ரசிகர் என்ற சொல்லை நாம் பெரும்பாலும் கைதட்டுபவர் என்ற பொருளிலேயே வழங்குகின்றோம். ஆரவாரம் செய்வதும், தம் கலைஞரைப் புகழ்ந்து பிறர் கலைஞரை இகழ்வதுமே ரசிகர் தொழில் என்று எண்ணுவோரும் உளர். இவ்வரலாறோ வேறொன்றைக் கூறுகின்றது. கலைஞர் நம்பிக் கொடுத்ததை விற்காமல் காத்தவர்களால் ஒரு மரபு வாழ்ந்தது; வேலியை உடைத்தவர்களால் அது தளர்ந்தது. இரு சாராரும் அதே இசையைக் கேட்க வந்தவர்கள்தாம். ஒரு சாரார் பெற்றதைப் பிறர்க்கும் உரியதாகக் கருதினர். மற்றவர் தமக்கு மட்டும் உரியதாகக் கருதினர். வேறுபாடு அவ்வளவே.

இவ்விசையைக் கேட்க விரும்புவோர், மேலே நான் கூறிய ‘டார்க் ஸ்டார்’ பாட்டின் இரு வடிவங்களையும் அடுத்தடுத்துக் கேளுங்கள். முதலில் மூன்று நிமிட வடிவம்; பின்னர் 23 நிமிட வடிவம். பின்னதில் ஒரு வாத்தியம் மற்றொன்றுக்கு எங்கே வழிவிடுகின்றது, எங்கே மறுமொழி கூறுகின்றது என்று கவனியுங்கள். முதல்முறை கேட்கையில் மனம் அலையலாம். இரண்டாம் முறை அதன் போக்குப் புலப்படத் தொடங்கும். விருப்பமாயின் நண்பர் ஒருவரையும் அருகில் அமர்த்திக் கொள்ளுங்கள். அவ்வாறு பகிர்ந்து கேட்பதே இம்மரபிற்கு ஏற்ற முறை.