வாசித்தவர் பெயர் என்ன?

(வாழவந்தியில் நடைபெற்ற முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



என் சொந்த ஊரான வாழவந்திக்கே நம் சங்கம் வந்து சேர்ந்ததில் எனக்கு அளவில்லாத மகிழ்ச்சி. இருபது கொண்டை ஊசி வளைவுகளில் தலை சுற்றியவர்களுக்கு எங்க ஊர் காப்பியைக் கொடுத்துச் சரிப்படுத்தி இருக்கிறோம் என்று நம்புகிறேன். (சிரிப்பு)

மலரும் நினைவுகள் பற்றி ஏதாவது பேசச் சொன்னார்கள். ஹாஸ்டல் சாம்பார், தேர்வு முடிவு, கிளாஸைக் கட் அடித்தது எல்லாம் மற்றவர்கள் பேசிவிட்டார்கள். நான் நம்ம பக்கத்துப் பாட்டுக்காரர்களைப் பற்றிக் கொஞ்சம் பேசுகிறேன். முடிக்கும்போது உங்களிடம் ஒன்று கேட்கவும் போகிறேன். அதனால் யாரும் பாதியில் எழுந்து டிபனுக்குப் போய்விடாதீர்கள்.

இன்று காலை சேலத்திலிருந்து வரும்போது, அடிவாரத்துக்கு முன்னாடி ரோட்டோரத்தில் ஒரு பழைய வளைவைப் பார்த்திருப்பீர்கள். மாடர்ன் தியேட்டர்ஸ். 1974 முதல் 1977 வரை மூன்று வருஷம் அந்த வளைவைத் தாண்டித்தான் நான் கல்லூரிக்கு வந்தேன், லீவுக்குத் திரும்பினேன். இன்றைக்கு ஸ்டூடியோ இல்லை. வளைவு மட்டும் நிற்கிறது.

திருச்செங்கோட்டு டி.ஆர்.சுந்தரம் இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் ஜவுளித் தொழில் படித்துவிட்டு வந்து, துணி நெய்யாமல் படம் எடுத்தார். முதல் படம் 1937-ல் வந்த ‘சதி அகல்யா’. மலையாளத்தின் முதல் பேசும்படமான ‘பாலன்’ 1938-ல் இங்கிருந்துதான் போனது. தமிழின் முதல் முழுநீள வண்ணப் படமான ‘அலிபாபாவும் 40 திருடர்களும்’ 1956-ல் வந்தது. அதற்கு இசை எஸ்.தட்சிணாமூர்த்தி. 1950-ல் வந்த ‘மந்திரி குமாரி’க்கு இசை ஜி.ராமநாதன். அதில் திருச்சி லோகநாதனும் ஜிக்கியும் பாடிய மலை உச்சிப் பாட்டைத் தெரியாதவர் இந்தக் கூட்டத்தில் இருக்க முடியாது. ஆசையாகப் பாடிக்கொண்டே மனைவியைத் தள்ளிவிடக் கூட்டிப் போவானே, அந்தப் பாட்டு. அது எடுத்தது இந்த மலையில்தான் என்று எங்க ஊர்ப் பெரியவர்கள் இடத்தைக் காட்டிச் சொல்வார்கள். ஆளுக்கு ஒரு பாறையைக் காட்டுவார்கள், அது வேறு விஷயம்! (சிரிப்பு) பிறகு 1960-களில் ‘வல்லவனுக்கு வல்லவன்’, ‘இரு வல்லவர்கள்’ என்று வேதா இசையமைத்த படங்கள் வரிசையாக வந்தன. இந்தி மெட்டைத் தமிழுக்குக் கொண்டு வந்து, இது நம்ம பாட்டுதானே என்று நினைக்க வைத்தவர் அவர்.

பக்கத்துக் கோவையிலும் இதே கதைதான். அங்கே சென்ட்ரல் ஸ்டூடியோ, பட்சிராஜா ஸ்டூடியோ. ஜூபிடர் கம்பெனியில் சின்ன வேலை பார்த்துக்கொண்டு, எஸ்.எம்.சுப்பையா நாயுடுவிடம் இசை கற்ற பையன்தான் பின்னாளில் எம்.எஸ்.விஸ்வநாதன். டி.எம்.சௌந்தரராஜன் முதன்முதலாகப் பாடிய ‘கிருஷ்ண விஜயம்’ 1950-ல் வந்த கோவைப் படம். ஆக, தமிழ்ப் பாட்டு முழுக்க முழுக்க சென்னையில் பிறந்ததல்ல. பாதித் தொட்டில் நம்ம பக்கம்தான் ஆடியது.

ஆனால் ஒன்று கவனியுங்கள். நான் இதுவரை சொன்ன பெயர்கள் எல்லாம் யார்? படம் எடுத்தவர், இசை அமைத்தவர், பாடியவர். வயலின் வாசித்தவர், டோலக் வாசித்தவர், கிளாரினெட் ஊதியவர் பெயர் எனக்கும் தெரியாது, உங்களுக்கும் தெரியாது. பெரும்பாலான படங்களின் டைட்டிலிலும் வராது, ரெக்கார்டு மேல் ஒட்டிய தாளிலும் வராது.

சரி, ஸ்டூடியோவில் பிறந்த பாட்டு வாழவந்திக்கு எப்படி வந்தது? முதலில் ரேடியோ வழியாக. 1952-ல் பி.வி.கேஸ்கர் மத்திய அமைச்சரான பிறகு அகில இந்திய வானொலியில் சினிமாப் பாட்டுக்கு இடமில்லாமல் போனது. ஜனங்கள் முள்ளை இலங்கை வானொலிப் பக்கம் திருப்பிவிட்டார்கள். 1957 அக்டோபர் 3-ல் விவித் பாரதி வந்த பிறகும் நம்மவர்கள் இலங்கையை விடவில்லை. நான் சிறுவனாக இருந்தபோது இந்த மலையில் நாலு வீட்டில்தான் ரேடியோ. காப்பிக் காட்டு வேலை முடிந்து வருகிறவர்கள் அந்த வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்துவிடுவார்கள். மயில்வாகனன் குரலைக் கேட்டால் அன்றைய அலுப்பு பாதி போய்விடும்.

இரண்டாவது வழி, மெல்லிசைக் குழு. பெயர் கேட்டாலே உங்களுக்கு மைக் டெஸ்டிங் சத்தம் காதில் கேட்குமே! மாரியம்மன் பண்டிகை, கல்யாணம், கட்சி மாநாடு, கல்லூரி ஆண்டு விழா, ஏற்காடு கோடை விழா, எல்லாவற்றுக்கும் அவர்கள்தான். சாமி பாட்டில் ஆரம்பம், அப்புறம் டி.எம்.எஸ். வாய்ஸ் ஒருவர், எஸ்.பி.பி. வாய்ஸ் ஒருவர், சுசீலா வாய்ஸுக்கு ஒரு அம்மா. துண்டுச் சீட்டில் நேயர் விருப்பம் எழுதி மேடைக்கு அனுப்புவோம். விடிய விடிய நடக்கும்.

அவர்கள் வேலை எவ்வளவு கஷ்டம் என்று அப்போது நமக்குத் தெரியாது. நுண்கலை மன்றச் செயலாளராக இருந்ததால் ஒத்திகையில் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தவன் நான். சினிமாப் பாட்டுக்கு நோட்ஸ் என்று கடையில் எதுவும் கிடைக்காது. டீக்கடையில் ரெக்கார்டைத் திரும்பத் திரும்பப் போடச் சொல்லிக் கேட்டு, நோட்டுப் புத்தகத்தில் ஸ்வரம் எழுதிக்கொள்வார்கள். படத்தில் 40 பேர் வாசித்ததை மேடையில் ஏழெட்டுப் பேர் வாசிக்க வேண்டும். பத்து வயலின் வருகிற இடத்தை ஒரு அக்கார்டியன் தாங்க வேண்டும். புல்லாங்குழல், நாதஸ்வரம் எல்லாவற்றையும் ஒரு கிளாரினெட் ஏற்றுக்கொள்ள வேண்டும். எதை விட்டாலும் ஜனங்கள் பொறுப்பார்கள், இடையிசையை விட்டால் விசில் அடித்து மேடையை விட்டு இறக்கிவிடுவார்கள். எதை வைப்பது, எதை விடுவது என்று தெரிவதற்குப் பெரிய ஞானம் வேண்டும்.

இந்த மேடையைச் சாதாரணமாக நினைக்கக் கூடாது. பண்ணைப்புரத்துப் பாவலர் வரதராசனும் தம்பிகளும் கம்யூனிஸ்ட் கட்சி மேடைகளில் ஊர் ஊராகப் பாடினார்கள். எஸ்.பி.பாலசுப்ரமணியம் நடத்திய மெல்லிசைக் குழுவில் கிடார் வாசித்தவர் அந்தத் தம்பிகளில் ஒருவர். அவர்தான் இளையராஜா. 1976-ல் ‘அன்னக்கிளி’ வந்தது. 1977 ஆண்டு விழாவில் நாம் எல்லோரும் அந்தப் பாட்டைத்தான் கேட்டுக் கூச்சல் போட்டோம். ஞாபகம் இருக்கிறதா? (கைதட்டல்)

அன்றைக்கு வாசித்த குழுவில் அக்கார்டியன் வாசித்தவர் பகலில் செவ்வாய்ப்பேட்டை மண்டி ஒன்றில் கணக்கு எழுதுபவர். ராத்திரிதான் துருத்தி தோளில் ஏறும். நாங்கள் எல்லோரும் அவரை “அக்கார்டியன் அண்ணே” என்றுதான் கூப்பிடுவோம். பாடத் தெரியாத என்னையும் கோரஸில் நிற்க வைத்து, “தம்பி, நீங்க வாயை மட்டும் அசைங்க, போதும்” என்று சொன்ன புண்ணியவான். (சிரிப்பு)

இங்கே கொஞ்சம் கடல் தாண்டிப் போய் வருகிறேன். 2018-ல் மகள் வீட்டுக்கு இங்கிலாந்து போயிருந்தபோது லிவர்பூலைச் சுற்றிப் பார்த்தோம். பீட்டில்ஸ் பிறந்த ஊர். மேத்யூ தெருவில் கேவர்ன் கிளப் என்று ஒரு நிலவறை. 1957-ல் ஆரம்பித்தது. அதற்கு எதிரே ஒரு செங்கல் சுவர். பக்கத்தில் போய்ப் பார்த்தால் செங்கலுக்குச் செங்கல் ஒரு பெயர் பொறித்திருக்கிறது. 1957 முதல் 1973 வரை அந்த நிலவறையில் வாசித்த குழுக்களின் பெயர்கள், ஆயிரத்துக்கும் மேலே! உலகப் புகழ் பெற்றவர்கள் விரல் விட்டு எண்ணும்படிதான். மற்றவர்கள் எல்லாம் நம்ம ஊர் மெல்லிசைக் குழு மாதிரி, பகலில் வேறு வேலை பார்த்துவிட்டு ராத்திரி கிடார் எடுத்த பையன்கள். அவர்களுக்கும் ஒரு செங்கல் இருக்கிறது.

இது எப்படிச் சாத்தியம் என்றால், அங்கே எழுதி வைக்க ஒருவர் இருந்தார். பில் ஹாரி என்று பெயர். லிவர்பூல் கலைக் கல்லூரி மாணவர், ஜான் லெனனின் நண்பர். உள்ளூர்க் குழுக்களைப் பற்றி மட்டுமே எழுதுவதற்காக 1961 ஜூலையில் ‘மெர்சி பீட்’ என்று ஒரு பத்திரிகை ஆரம்பித்தார். யார் எங்கே வாசிக்கிறார்கள், குழுவில் யார் யார் என்று பட்டியல் போட்டார். பீட்டில்ஸ் அப்போது இன்னும் உலகப் புகழ் பெற்றிருக்கவில்லை. நல்ல ஏற்பாடுதான் என்று அப்போது நினைத்துக்கொண்டேன். அவ்வளவுதான். ஊருக்குத் திரும்பியதும் மறந்துவிட்டேன்.

நாலு வருஷம் கழித்து, 2022-ல் ஒருநாள் வாசலில் ஒரு பெரியவர் வந்து நின்றார். மலையேறி, பஸ் மாறி, விசாரித்து விசாரித்து வந்திருக்கிறார். அடையாளமே தெரியவில்லை. “என்ன தம்பி, வாயை மட்டும் அசைக்கிறீங்களா, இல்ல பாடக் கத்துக்கிட்டீங்களா?” என்று கேட்ட பிறகுதான் தெரிந்தது, எங்க அக்கார்டியன் அண்ணன்!

கீபோர்டு வந்த பிறகு அக்கார்டியனைக் கூப்பிடுவது குறைந்துவிட்டது. அப்புறம் ரிதம் பேடு, அப்புறம் டிராக். இப்போது பாடகர் ஒருவரும் ஒரு லேப்டாப்பும் இருந்தால் கச்சேரி. மண்டி வேலையும் வயதானதும் நின்றுவிட்டது. நலிந்த கலைஞர்களுக்கான உதவித்தொகைக்கு மனுப் போடப் போயிருக்கிறார். கலைஞர்தான் என்று காட்ட ஏதாவது பழைய அத்தாட்சி, நோட்டீஸ், அழைப்பிதழ், பேர் போட்ட மலர் ஏதாவது இருக்கிறதா என்று கேட்டிருக்கிறார்கள். “காலேஜ் புக்குல நீங்கதானே தம்பி எழுதினீங்க? அதுல நம்ம பேரு இருக்கும்ல?” என்றார்.

எனக்கு ரொம்ப சந்தோஷம். 1977 ஆண்டு மலரைப் பத்திரமாக வைத்திருக்கிறேனே! பெட்டியைத் திறந்து எடுத்து, அவர் பக்கத்தில் உட்கார்ந்து புரட்டினேன். ஆண்டு விழா அறிக்கை, நான் எழுதியது, என் பெயரோடு இருக்கிறது. தலைமை தாங்கியவர் பெயர், பட்டத்தோடு. சிறப்பு விருந்தினர் பெயர், பதவியோடு. வரவேற்றவர், நன்றி கூறியவர், பரிசு வாங்கியவர், பந்தி பரிமாறிய தொண்டர்கள் வரைக்கும் பெயர் போட்டிருக்கிறேன். கடைசியில் ஒரே ஒரு வரி: ‘இறுதியாக மெல்லிசைக் குழுவினர் இன்னிசை விருந்து வழங்கினர்.’

அவ்வளவுதான் நண்பர்களே. அந்த வரியை நான் இரண்டு தடவை படித்தேன். அவர் ஒரு தடவைதான் படித்தார். கோபப்படவில்லை. “பரவால்ல விடுங்க தம்பி” என்று காப்பியைக் குடித்தார். சரி, நானே ஒரு சான்றுக் கடிதம் எழுதித் தருகிறேன் என்று பேனாவை எடுத்தேன். ‘இதனால் சான்றளிப்பது என்னவென்றால், திரு.’ என்று எழுதிவிட்டு நின்றுவிட்டேன். அவர் பெயர் எனக்குத் தெரியவில்லை. மூன்று வருஷம் கூடவே இருந்து, தோளில் கை போட்டு, ஒரே தட்டில் பரோட்டா சாப்பிட்டிருக்கிறோம். பெயர் தெரியாது. சட்டைப்பையிலிருந்து ரேஷன் கார்டை எடுத்துக் கொடுத்தார். அதைப் பார்த்துத்தான் எழுதினேன்.

அன்று இரவுதான் அந்தச் செங்கல் சுவர் ஞாபகத்துக்கு வந்தது. லிவர்பூலில் எழுதி வைத்தவனும் கல்லூரி மாணவன், இங்கே எழுதாமல் விட்டவனும் கல்லூரி மாணவன். சினிமாக்காரர்கள் பெயர் போடவில்லை என்று சற்று முன் குறை சொன்னேனே, அதே தப்பை நானும்தான் செய்திருக்கிறேன். நான் கொடுத்த கடிதம் போதவில்லை. இப்போது எழுதிய காகிதம் அப்போது நடந்ததற்கு அத்தாட்சி ஆகாதாம். அதில் நியாயமும் இருக்கிறது.

ஆகவே நான் கேட்பது இதுதான். உங்கள் வீட்டுப் பரணில், பழைய டிரங்குப் பெட்டியில், கல்யாண ஆல்பத்தில் தேடுங்கள். மெல்லிசைக் குழு பெயர் போட்ட நோட்டீஸ், அழைப்பிதழ், மேடைப் புகைப்படம், கேசட் எது கிடைத்தாலும் சங்கத்துக்கு ஒரு நகல் அனுப்புங்கள். சேலம், நாமக்கல், ஈரோடு, தருமபுரி, எந்தப் பக்கமானாலும் சரி. நாம் படித்த காலத்தில் நமக்காக வாசித்தவர்கள் யார் யார், என்ன வாத்தியம், எந்த வருஷம் என்று ஒரு பட்டியல் தயாரிப்போம். அது நம் மலரில் ஒவ்வொரு வருஷமும் வரட்டும், வளரட்டும். அக்கார்டியன் அண்ணன் பெயரை நான் இப்போது வேண்டுமென்றேதான் சொல்லவில்லை. பேச்சில் சொன்னால் காற்றோடு போய்விடும். அந்தப் பட்டியலின் முதல் வரியாக அச்சில் வர வேண்டும். அவரிடம் சம்மதம் வாங்கிவிட்டேன்.

இன்று மாலை நமக்காக வாசிக்கச் சேலத்திலிருந்து ஐந்து பேர் வந்திருக்கிறார்கள். டிராக் இல்லை, லேப்டாப் இல்லை, கையால் வாசிக்கப் போகிறார்கள். செயலாளர் அவர்களே, கச்சேரி ஆரம்பிக்கும் முன் அந்த ஐந்து பேரிடமும் முழுப் பெயரை, இனிஷியலோடு, எழுதி வாங்கிவிடுங்கள்.