துறைமுகப் பட்டினத்தில் ஓர் அறை

(சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இக்காலப் பெண்களின் முன்னேற்றம் பற்றிப் பேச வேண்டுமென்று செயலாளர் அவர்கள் என்னைக் கேட்டுக்கொண்டார். அது மிகப் பெரிய பொருள். அதனைப் பேசுவதற்குக் கற்றோர் பலர் இருக்கின்றனர். எனக்கு நன்கு தெரிந்தது அப்பொருளின் ஒரு சிறு மூலையே. அம்மூலை பன்னிரண்டடி நீளமும் பத்தடி அகலமும் உடையது. தகரக் கூரை போட்டது. இந்தப் பட்டினத்தில் நான் வாடகைக்கு இருந்த முதல் அறை அது. அதனைப் பற்றியே பேச அனுமதி வேண்டுகின்றேன்.

2013 ஆம் ஆண்டு செப்டெம்பர் மாதம் முகாமைத்துவ உதவியாளர் சேவையில் எனக்கு முதல் நியமனம் கிடைத்தது. எங்கள் ஊரில் இன்னும் அதைக் கிளறிக்கல் வேலை என்றே சொல்வார்கள். வடமராட்சியில் பிறந்து, அங்கேயே படித்து, யாழ்ப்பாணப் பட்டினத்தைக்கூடத் துணையின்றிப் பார்த்தறியாத எனக்கு, நியமனக் கடிதம் திருகோணமலை என்றது. அம்மா அக்கடிதத்தை இரண்டு முறை வாசித்தார். திருகோணமலை என்றதும் அவருக்குக் கோணேசர் நினைவு வரவில்லை. 2006 ஆம் ஆண்டு ஜனவரி 2 ஆம் திகதி இந்தக் கடற்கரையில் ஐந்து மாணவர்கள் கொல்லப்பட்ட செய்தியே நினைவுக்கு வந்தது. "வேலை வேண்டாம், வீட்டில் இரு" என்று சொல்லிவிடுவார் என்றே எண்ணினேன். அவர் அப்படிச் சொல்லவில்லை. மிளகாய்த்தூளை வறுத்து இடித்துப் போத்தலில் அடைத்தார். அதுவே எனக்குக் கிடைத்த விடை.

தாய்மாமன் துணைக்கு வந்தார். வவுனியா வந்து, ஹொரவப்பொத்தானை வழியாக பஸ்ஸில் இங்கு வந்து சேர்ந்தோம். பஸ் நிலையத்தில் இறங்கியதும் நான் முதலிற் கண்ட காட்சியை இன்றும் மறக்கவில்லை. இரண்டு புள்ளிமான்கள் வாழைப்பழத் தோலைத் தின்றுகொண்டு நின்றன. ஒருவரும் அவற்றைத் திரும்பிப் பார்க்கவில்லை. காட்டு விலங்கு சந்தியில் நின்று மேய்கின்றது. எவரும் அதனை நீ யார், எங்கிருந்து வந்தாய் என்று கேட்பதில்லை. இதை நான் அன்றே ஏன் குறிப்பிட்டு நினைத்தேன் என்பது அடுத்த இரண்டு நாள்களில் விளங்கிற்று.

அந்த இரண்டு நாள்களில் ஏழு வீடுகள் ஏறி இறங்கினோம். ஒரு வீட்டில், கலியாணம் ஆகாத பிள்ளைக்குத் தாங்கள் பொறுப்பு நிற்க முடியாது என்றார்கள். இன்னொரு வீட்டில், ஆண்பிள்ளைகளாயின் நால்வருக்கு அந்த அறையைக் கொடுக்கலாம், பெண்பிள்ளை ஒருத்திக்கு என்றால் தண்ணீர் அதிகம் செலவாகும் என்றார்கள். (சபையில் தாய்மார்கள் சிரிக்கின்றீர்கள். எனக்கு அன்று சிரிப்பு வரவில்லை.) வேறொரு வீட்டில் ஆறு மாத முற்பணம் கேட்டார்கள். எல்லா வீட்டிலும் பொதுவாக நிகழ்ந்தது ஒன்றுண்டு. வாடகை கொடுக்கப் போகின்றவள் நான். கேள்விகள் யாவும் மாமாவிடமே கேட்கப்பட்டன. "பிள்ளை நேரத்துக்கு வீட்டுக்கு வருமோ? ஆட்கள் வந்து போவினமோ?" பிள்ளை பக்கத்திலேதான் நின்றது.

கடைசியாகப் பத்திரகாளி அம்மன் கோயிலுக்கு அண்மையிலுள்ள ஒழுங்கை ஒன்றில் வயோதிப அம்மா ஒருவர் இடம் கொடுத்தார். அவர் கேட்டது ஒரே கேள்வி: "சமைக்கத் தெரியுமோ?" விதித்தது ஒரே நிபந்தனை: மாலை ஆறரைக்குப் படலை பூட்டப்படும். மாமாவுக்கு அந்த நிபந்தனை மிகவும் பிடித்துப்போயிற்று. மறுநாள் காலை பஸ்ஸில் நிம்மதியாக ஊர் திரும்பினார்.

புதிய பட்டினத்தில் ஒருத்தியின் நாளாந்த வாழ்வு எப்படிப்பட்டது என்று கேட்டால், பெரிய துன்பங்களைக் காட்டிலும் சிறிய தடுமாற்றங்களே அதிகம் என்பேன். முதல் மாதம் எனக்குத் திசையே பிடிபடவில்லை. எங்கள் ஊரில் கடல் வடக்கே இருக்கும். கடலைக் கண்டால் திசை தெரிந்துவிடும். இங்கோ காலையிற் சூரியன் கடலிலிருந்து எழுகின்றான். மாலையில் மறுபுறத்து உட்துறைமுகத்தின் நீர்மேலே இறங்குகின்றான். எத்தெருவிற் போனாலும் முடிவில் கடல். கந்தோருக்குப் போகும் வழியைத் தவறவிட்டு இருமுறை கடற்கரைக்குப் போய் நின்றேன்.

பின்னர் காற்று. வடக்கே நாங்கள் சோளகம் என்று சொல்லும் தென்மேல் காற்று இங்கே கச்சான் என்ற பெயரோடு நிலத்தைத் தாண்டிக் காய்ந்து சுட்டுக்கொண்டு வருகின்றது. ஆடி மாதத்தில் அந்தத் தகரக் கூரையின் கீழே பகலில் இருப்பது சூளைக்குள் இருப்பதைப் போன்றதே. தண்ணீருக்குக் குறையில்லை. கந்தளாய்க் குளத்து நீர் குழாய் வழியாக வந்துவிடும். கிணற்று நீரை மட்டும் தலைக்கு வார்த்துத் தலைமயிரைச் சிக்காக்கிக்கொண்டேன். சமையலைப் பொறுத்தவரை, அம்மாவின் மிளகாய்த்தூளும் இவ்வூர் மீனும் சேர்ந்தால் வேறு துணை வேண்டியதில்லை. அப்போத்தல் வெறுமையான அன்றுதான் நான் முதன்முதலாக அழுதேன். அன்று கந்தோரில் ஒரு கடும் சொல் கேட்க நேர்ந்திருந்தது என்பதும் உண்மை. ஆயினும் அழுகை வந்தது போத்தலைக் கண்டபோதுதான்.

கந்தோரில் என் பக்கத்து மேசையில் இருந்தவர் கிண்ணியாவைச் சேர்ந்த ஒரு பெண்மணி. மற்றவர்களைப் போல நானும் அவரை ராத்தா என்றே அழைத்தேன். தமிழும் சிங்களமும் ஒரே மூச்சிற் பேசுவார். எனக்குச் சிங்களத்தில் எண்ணக் கற்றுத் தந்தவரும் அவரே. ஒருநாள் அவர் சொன்ன செய்தி என் மனத்தில் ஆழப் பதிந்துவிட்டது. 2009 ஆம் ஆண்டு ஒக்டோபரில் கிண்ணியாப் பாலம் திறக்கப்படும் வரை அந்த நீரை மக்கள் பாதையிலேதான் கடந்தார்கள். பாதை என்றால் இங்கே வாகனங்களையும் ஆட்களையும் ஏற்றிச் செல்லும் மிதவை. அவருடைய மூத்த சகோதரிக்கு பட்டினத்தில் வேலை கிடைத்தும் வீட்டார் போகவிடவில்லை. "பாதை தவறினால் இரவு எங்கே நிற்பாய்?" என்று ஒரு கேள்வி கேட்டார்கள். அதற்கு விடை இருக்கவில்லை. இளையவர் வேலைக்குப் போகும் காலத்தில் 396 மீற்றர் நீளத்துக்கு ஒரு பாலம் இருந்தது. மூத்தவர் இளையவரைவிடக் கெட்டிக்காரி என்று ராத்தாவே சொல்வார்.

இரவு எங்கே நிற்பாய் என்ற இக்கேள்வியை முன்கூட்டியே சிந்தித்தவர்களும் இந்த ஊரில் இருந்திருக்கின்றார்கள். 1942 ஏப்ரல் 9 ஆம் திகதி யப்பானிய விமானங்கள் இத்துறைமுகத்தைக் குண்டுவீசித் தாக்கியதைப் பெரியோர்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள். யுத்தத்தின் பிற்பகுதியில், பிரித்தானியக் கடற்படையின் பெண்கள் பிரிவைச் சேர்ந்த இளம்பெண்கள் இலங்கைக்கு வந்தனர். ரென்கள் என்பது அவர்களுக்கு வழங்கிய பெயர். எழுத்து வேலை, தந்தி, சங்கேதம் ஆகிய பணிகளுக்கு அவர்கள் அமர்த்தப்பட்டார்கள், திருகோணமலையிலும் பணிபுரிந்தார்கள். பெரும்பாலும் இருபது வயதை ஒட்டியவர்கள். வரும் வழியும் ஆபத்தானதே. 1944 பெப்ரவரி 12 ஆம் திகதி கொழும்பை நோக்கி வந்த கெதீவ் இஸ்மாயில் என்னும் கப்பலை மாலைதீவுக்கு அருகில் யப்பானிய நீர்மூழ்கி தாக்கியபோது, இறந்த ஆயிரத்து முந்நூறு பேரளவில் எழுபதுக்கு மேற்பட்டோர் தாதியரும் ரென்களும் உள்ளிட்ட பெண்கள்.

அந்நியர் ஆட்சியைப் புகழ்வதற்காக நான் இதைக் கூறவில்லை. 1957 இல் அவர்கள் இத்தளத்தை ஒப்படைத்துப் போனது நல்லதே. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். ஒரு பெண்ணை வேலைக்கென ஓர் ஊருக்கு அழைத்தால் அவளுக்குத் தங்குமிடமும் அமைக்க வேண்டும் என்பது அந்தக் கடற்படைக்குத் தெரிந்திருந்தது. விடுதி அமைத்தார்கள், பொறுப்புக்கு மூத்த பெண் அதிகாரியை வைத்தார்கள். நம் பெண்ணுக்கு நியமனக் கடிதம் வருகின்றது. கடமையேற்க வேண்டிய திகதி அதில் இருக்கின்றது. எங்கே உறங்குவாள் என்பது அதில் இல்லை.

நம்மவர் இதைச் சிந்திக்கவில்லையா என்றால், சிந்தித்த ஒருவர் சென்னையில் இருந்தார். சகோதரி சுப்புலட்சுமி 1886 இல் பிறந்தவர், பால்ய விதவை, 1911 இல் பட்டம் பெற்றவர். அடுத்த ஆண்டே எழும்பூரில் ஒரு வாடகை வீட்டில் தம்மைப் போன்ற சில இளம் விதவைகளை வைத்துப் படிப்பிக்கத் தொடங்கினார். கிராமங்களில் இருட்டறையில் இருந்த பிள்ளைகள் பட்டினத்துக்கு வந்து, ஓரிடத்தில் உண்டு, உறங்கி, படித்து, ஆசிரியைகளாக வெளியேறினார்கள். தொகை பெருகியதும் அவ்விடுதி கடற்கரையிலுள்ள ஐஸ் ஹவுஸ் கட்டிடத்துக்கு மாறிற்று. அமெரிக்காவிலிருந்து கப்பலில் வந்த பனிக்கட்டியைச் சேமிப்பதற்காக 1842 இல் கட்டப்பட்ட கட்டிடம் அது. 1897 இல் சுவாமி விவேகானந்தர் தங்கியதும் அங்கேதான். சுவாமிகள் தங்கிய கதையை நமது மேடைகளிற் பலமுறை கேட்டிருக்கின்றேன். அதே கூரையின் கீழ் அந்தப் பெண்கள் தங்கியதை ஒருமுறைதானும் கேட்டதில்லை. ஒரு வீட்டை எடுத்துக் கதவைத் திறந்துவிட்டார். படிப்பும் உத்தியோகமும் அதற்குப் பிறகு வந்தவை.

நிற்க. என்னுடைய அறைக்குத் திரும்புகின்றேன்.

அந்த ஆண்டு மார்கழி மாதம். ஆண்டிறுதிக் கணக்கு முடிக்கும் நாள்கள். ஒரு மாலை ஏழு மணி வரை கந்தோரில் நிற்க வேண்டியதாயிற்று. வெளியே வாடைக்காற்றோடு மழை. வீட்டுக்கு வந்து சேர்ந்தபோது ஏழரை, படலை பூட்டியிருந்தது. தட்டினேன், கூப்பிட்டேன். மழை இரைச்சலில் ஒன்றும் கேட்கவில்லை. ஒழுங்கை முகப்பில் மோட்டார் சைக்கிள்களோடு நின்ற இளைஞர்கள் சிலர் ஏதோ சொல்லிச் சிரித்தார்கள். அவர்களில் எவரும் இச்சங்கத்தவர் அல்லர் என்றே நம்ப விரும்புகின்றேன். அரைமணி நேரம் நனைந்தபின் அம்மா அரிக்கன் லாம்போடு வந்து திறந்தார். நான் ஒன்றும் பேசாமல் அறைக்குள் போய்ப் பெட்டியை அடுக்கத் தொடங்கினேன். ஊருக்குப் போய்விடுவதென்றே தீர்மானித்தேன்.

அவர் வாசலில் நின்று பார்த்தார். பிறகு, "பூட்டினது உன்னை நம்பாமல் இல்லைப் பிள்ளை" என்றார். "ஆறரைக்குப் பிறகு வராத ஆளைத் தேடிப் போன ஊர் இது. எத்தனை இரவு நான் இந்தப் படலையிலே நின்றிருப்பேன். பூட்டிவிட்டால் எல்லாரும் உள்ளே இருக்கினம் என்று மனம் சொல்லும். இண்டைக்கு நீ வெளியிலே எண்டது தெரிஞ்சும் கை தானாகப் பூட்டிப் போட்டுது." அவர் யாரைத் தேடிப் போனார் என்று நான் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை. தேத்தண்ணீர் வைத்துத் தந்தார். மறுநாள் காலையில் என் கையில் ஒரு புதுத் திறப்பைத் தந்தார். கடைக்குப் போய் வெட்டுவித்திருக்கின்றார்.

அந்தத் திறப்பு கிடைத்த பின்னரே இந்தப் பட்டினம் எனக்கு ஊராயிற்று. வெள்ளிக்கிழமை மாலையிற் கோட்டைக்குள்ளால் நடந்து கோணேசர் மலைக்கு ஏறி, பூசை முடிந்தபின் கற்பாறை ஓரத்தில் நின்று கடற்காற்று வாங்கி, இருட்டியபின் அவசரமின்றி இறங்கி வருவேன். கோட்டைக்குள்ளும் மான்கள் உண்டு. நானும் அவற்றைத் திரும்பிப் பார்ப்பதை விட்டுவிட்டேன்.

இப்பொழுது சங்கத்து இளைஞர்களிடம் ஒரு வேண்டுகோள். நமது கட்டிடத்தின் மேல்மாடியிலுள்ள இரண்டு அறைகளும் விழாக்காலம் தவிர பூட்டியே கிடக்கின்றன. அங்கே விடுதி நடத்துங்கள் என்று நான் கேட்கவில்லை. அதற்குப் பணமும் பொறுப்பான அம்மா ஒருவரும் வேண்டும், அதைப் பெரியோர்கள் ஆராயட்டும். நான் கேட்பது ஓர் அப்பியாசக் கொப்பி. வெளியூரிலிருந்து வேலைக்கும் படிப்புக்கும் வரும் பெண்களுக்கு அறை கொடுக்கக் கூடிய வீடுகள் எவை, வாடகை எவ்வளவு, திறப்புக் கொடுப்பார்களா, அருகில் தெருவிளக்கு எரிகின்றதா என்று நேரிற் சென்று விசாரித்து அதில் எழுதி வையுங்கள். வந்திறங்கும் பிள்ளை ஏழு வீடு ஏற வேண்டியதில்லை. மாமா இல்லாத பிள்ளைகளும் இருக்கின்றார்கள்.

என் பங்குக்கு மூன்று வீடுகளை விசாரித்து இத்தாளில் எழுதியிருக்கின்றேன். முதலாவது, பத்திரகாளி அம்மன் கோயில் ஒழுங்கையிலுள்ள அந்தத் தகரக் கூரை அறை. அம்மா காலமாகிவிட்டார், மகள் இருக்கின்றார், திறப்புக் கொடுப்பதாக ஒப்புக்கொண்டிருக்கின்றார். தாளைச் செயலாளர் அவர்களிடம் ஒப்படைத்து அமர்கின்றேன்.