பேபி சரோஜா

நேற்று புதுச்சேரி கரையாம்புத்தூர் டீக்கடையில் குழந்தை நட்சத்திரங்களைப் பற்றிப் பேச்சு வந்தது. எல்லாரும் ‘களத்தூர் கண்ணம்மா’ கமலிலிருந்துதான் தொடங்கினார்கள். அது 1960. அதற்கு 23 வருஷம் முன்பே தமிழ்நாட்டைக் கலக்கியவர் ஒரு சிறுமி: பேபி சரோஜா.

1937இல் வந்த ‘பாலயோகினி’யில் நடித்தபோது அவருக்கு ஐந்தாறு வயது இருக்கும். இயக்குநர் கே. சுப்ரமணியம் அவருக்குப் பெரியப்பா முறை. விதவைகள் படும் பாட்டையும் சாதிக் கொடுமையையும் துணிந்து பேசிய படம் அது. வீட்டுப் பிள்ளையையே அப்படியொரு படத்தில் நிறுத்தினார் பாருங்கள், அதற்கும் ஒரு தைரியம் வேண்டும்! பத்திரிகைகள் ஹாலிவுட் குழந்தை நட்சத்திரத்தோடு ஒப்பிட்டு, சரோஜாவை ‘இந்தியாவின் ஷெர்லி டெம்பிள்’ என்றன.

அடுத்தது 1939இல் ‘தியாகபூமி’. கல்கியின் கதை; ஆனந்த விகடனில் படக்காட்சிகளோடு தொடராக வந்தது. பாபநாசம் சிவன் சம்பு சாஸ்திரி, சரோஜா குட்டிப் பெண் சாரு. தேசபக்தி வாடை தாங்காமல் பிரிட்டிஷ் அரசு படத்தைத் தடை செய்தது. நம் புதுச்சேரியில் அப்போது பிரெஞ்சுக்கொடி. பிரிட்டிஷ்காரன் தடையெல்லாம் எல்லைக்கு அந்தப் பக்கம்!

‘காமதேனு’ படத்துக்குப் பிறகு சரோஜா திரையை விட்டு ஒதுங்கிவிட்டார். 2019இல் காலமானார்.

அவர் புகழ் எவ்வளவு என்றால், அந்தக் காலத்தில் பெண் பிறந்த பல வீடுகளில் சரோஜா என்றே பெயர் வைத்தார்கள். உங்கள் தெருவில் தொண்ணூறை நெருங்கும் சரோஜா ஆயா யாராவது இருந்தால், பெயர் வந்த கதையை இன்றைக்கே கேட்டு எழுதி வையுங்கள்.