தொலைநோக்கிக்கு ஏற்ற கண்ணருகு வில்லை

(வெள்ளிவிழாவையொட்டிய இளைஞர் கூட்டத்தில் ஆற்றிய உரை)

 

வெள்ளிவிழாவில் பேசுவோர் பெரிய பொருள்களைப் பற்றிப் பேசுவர். நான் எடுத்துக்கொண்ட பொருளோ மிகச் சிறியது. கட்டைவிரல் நீளமே உள்ள ஒரு கண்ணாடிக் குழலைப் பற்றியது. கடைக்காரர் அதனை ஐபீஸ் என்பர். நம் பாடநூல்கள் கண்ணருகு வில்லை என்று கூறும்.

உறுப்பினர்களின் நன்கொடையால் நம் சங்கம் ஒரு தொலைநோக்கி வாங்கியதை நீங்கள் அறிவீர்கள். அதன் பெட்டியின்மேல் ‘675 மடங்கு’ என்று கொட்டை எழுத்தில் அச்சிட்டிருந்தது. முதல் நாள் இரவு, சனிக்கோளைக் காண மாடியில் சிறுவரும் பெரியோரும் வரிசையாக நின்றனர். மிகுதியாகப் பெருக்கினால் மிகுதியாகத் தெரியும் என்று எண்ணி, பெட்டியில் இருந்த வில்லைகளுள் மிகச் சிறியதை நாங்கள் பொருத்தினோம். தெரிந்தது மங்கலான, நடுங்கும் ஒரு புள்ளி. அதுவும் நொடிப்பொழுதில் விலகி ஓடியது. ஒரு சிறுவன், “என் கண் சரியில்லை போலும், ஐயா” என்று சொல்லி இறங்கிச் சென்றான். மூக்குக்கண்ணாடி அணிந்த ஒரு மூதாட்டி, “எனக்கு இதெல்லாம் விளங்காதப்பா, படித்த பிள்ளைகள் பாருங்கள்” என்று ஒதுங்கிக்கொண்டார்.

நண்பர்களே, அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை. குறை கருவியில் இருந்தது. அவர்களோ அதைத் தம்மிடம் கண்டனர். கடைசி வரிசையில் அமர்த்தப்பட்ட மாணவன், கரும்பலகை தெரியாதபோது தன் அறிவையே நொந்துகொண்டது போன்றதன்றோ இது? அதனாற்றான் இச்சிறிய பொருளைப் பற்றிப் பேச வந்தேன்.

முதலில் கணக்கைப் பார்ப்போம். நம் தொலைநோக்கியின் ஆடி 114 மில்லிமீட்டர் விட்டமுடையது. அதன் குவியத்தூரம் 900 மில்லிமீட்டர். இந்த 900ஐக் கண்ணருகு வில்லையின் குவியத்தூரத்தால் வகுத்தால் உருப்பெருக்கம் கிடைக்கும். 25 மி.மீ. வில்லைக்கு 36 மடங்கு, 4 மி.மீ. வில்லைக்கு 225 மடங்கு. அதனோடு பெட்டியிலிருந்த மும்மடங்கு பார்லோ வில்லையையும் சேர்த்தால் 675. பெட்டியின்மேல் இருந்த எண் இவ்வாறு பிறந்ததே. கணக்கில் பொய்யில்லை, பயன்தான் இல்லை.

ஏன் பயனில்லை? ஆடியின் விட்டம் ஒவ்வொரு மில்லிமீட்டருக்கும் இரண்டு மடங்கு என்பதே ஏறத்தாழ எல்லை. நம் கருவிக்கு அது 228. மேலே உள்ள காற்று அலைவதால் பல இரவுகளில் 150 மடங்கே நன்றாக இருக்கும். அந்த எல்லையைக் கடந்தால் உருவம் பெரிதாகுமேயன்றிப் புதிதாக ஒன்றும் தெரியாது. ஆடி திரட்டிய அதே ஒளி பெரிய பரப்பில் பரவுவதால் மங்கலும் மிகும். 36 மடங்கிலிருந்து 225 மடங்குக்குச் சென்றால் கோளின் முகம் ஏறக்குறைய நாற்பதில் ஒரு பங்காக ஒளி குன்றும். கலிலியோ 1610ஆம் ஆண்டு வியாழனின் நான்கு துணைக்கோள்களைக் கண்டது ஏறத்தாழ 20 மடங்கு பெருக்கிய கருவியால் என்பதை நினைவிற் கொள்ளுங்கள்.

மற்றொன்று, பார்வைப் புலம். மலிவான 4 மி.மீ. வில்லையில் ஒருமுறையில் தெரிவது நிலவின் விட்டத்தில் மூன்றில் ஒரு பங்கே. புவி சுழல்வதால் வானம் நிமிடத்திற்குக் கால் பாகை நகர்கின்றது. ஆகவே முக்கால் நிமிடத்திற்குள் சனி ஓடி மறைந்துவிடும். வரிசையில் நிற்கும் குழந்தை கண்ணை வைக்கும் இடத்தைக் கண்டுபிடிப்பதற்குள் வானம் வெறுமையாகிவிடும்.

மூன்றாவது, கண்ணுக்கும் வில்லைக்கும் இடையே வேண்டிய தூரம். பிளாசல் என்பது 1860இல் வியன்னா நகரத்துக் கருவியாளர் பிளாசல் அமைத்த வகை; இன்றும் மலிவில் நல்லதெனப் பெயர் பெற்றது; ஏறத்தாழ 50 பாகைப் புலம் காட்டுவது. ஆயினும் அதன் குவியத்தூரம் குறையக் குறையக் கண்ணை நெருக்கி வைக்க வேண்டும். 10 மி.மீ. பிளாசலில் அத்தூரம் 7 மில்லிமீட்டர் அளவே. மூக்குக்கண்ணாடி அணிந்தவருக்கு 15 மில்லிமீட்டராவது வேண்டும். அம்மூதாட்டிக்குத் தெரியாமற்போனது படிப்பின்மையால் அன்று. இந்தச் சில மில்லிமீட்டர்களால்தான்.

இனி, எதை வாங்குவது? பெட்டியுடன் வந்த 25 மி.மீ. வில்லை பெரும்பாலும் குற்றமற்றதாகவே இருக்கும், அதனை வைத்துக்கொள்க. குறை மிகுந்தவை அதனுடன் வந்த குறுகிய வில்லைகளும் மும்மடங்கு பார்லோவுமே. ஆகவே முதலில் 9 மி.மீ. வில்லை ஒன்று வாங்குக. கோல்ட் லைன் என்று வழங்கும் மலிவு வகை 66 பாகைப் புலமுடையது. கண்ணைச் சற்று எட்டவே வைத்துக் காணலாம். அது தரும் உருப்பெருக்கம் 100. முழுநிலவும் அதில் அடங்கும். கோள் ஒன்று அதனைக் கடக்க இரண்டரை நிமிடம் ஆகும். அடுத்து, நல்ல இருமடங்கு பார்லோ ஒன்று. இப்போது 36, 72, 100, 200 என நான்கு உருப்பெருக்கங்கள் கிடைத்துவிட்டன. வாங்கியதோ இரண்டே பொருள். பணம் சேர்ந்தபின் 32 மி.மீ. பிளாசல் ஒன்று வாங்கலாம். 28 மடங்கில் மூன்று நிலவுகளுக்கு மேல் அடங்கும் அகன்ற வானம் அதில் தெரியும். கார்த்திகை மீன்களுக்கு அதுவே ஏற்றது.

விலை குறைந்த ‘ஜூம்’ வில்லை ஒன்றே போதுமே என்பர் சிலர். குறைந்த பெருக்கத்தில் அதன் புலம் குறுகிவிடும்; அகன்ற பார்வை வேண்டிய இடத்திலேயே அது கைவிடும். தொலைநோக்கியின் விலையில் நான்கில் ஒரு பங்குக்கு மேல் ஒரே வில்லைக்குச் செலவிட வேண்டா என்பது என் கருத்து. வாங்குமுன் குழலின் வாய் அளவையும் பாருங்கள். இக்காலத்தில் பெரும்பாலானவை ஒன்றேகால் அங்குலம். பழைய சிறு கருவிகள் சிலவற்றில் அதனினும் சிறியது. வேறு கருவி உடையவரும் இதே கணக்கைப் போடலாம், 76 மி.மீ. ஆடிக்கு எல்லை 152 மடங்கு.

காசில்லாமற் செய்யத்தக்கவையும் உண்டு. கருவியை அரைமணி நேரம் முன்பே வெளியில் வைத்துக் குளிர விடுங்கள். இரண்டு ஆடிகளும் நேராக அமைந்துள்ளனவா என்று பாருங்கள். வெயிலில் காய்ந்த தளத்தைவிட மண் தரையே நன்று. வில்லையை வேட்டி முனையாலோ சேலைத் தலைப்பாலோ துடைக்காதீர்கள்; ஈரம் உறிஞ்சும் சிலிக்கா பொட்டலத்துடன் மூடிய டப்பாவில் வையுங்கள், பூசணம் பிடிக்காது. வில்லையில் திருகும் சிறிய சூரியக் கண்ணாடி பெட்டியில் இருந்தால் இன்றே உடைத்தெறியுங்கள். அது வெப்பத்தால் வெடித்தால் கண் போய்விடும். எக்காரணம் கொண்டும் இக்கருவியைச் சூரியன் பக்கம் திருப்பாதீர்கள்.

நண்பர்களே, அண்ணல் அம்பேத்கர் 1927ஆம் ஆண்டு மார்ச் 20ஆம் நாள் மகாடு நகரின் பொதுக்குளத்து நீரைக் கையில் அள்ளிப் பருகினார். பொதுவானது எல்லோருக்கும் பொதுவே என்று நிலைநாட்டினார். வானமும் பொதுவானதே. அதற்கு வேலி இல்லை. ஆயினும் தவறான கருவியும், கணக்குப் பாராத வாங்குதலும், ‘நமக்கு விளங்காது’ என்ற எண்ணமும் சேர்ந்து ஒரு வேலியாகிவிடும். ஒரு வகுத்தற் கணக்கு தெரிந்தால் அந்த வேலி விழும். பெட்டியின்மேல் உள்ள எண்ணைக் கண்டு மயங்காமல், “இது எப்படி வந்தது?” என்று கேட்கும் பழக்கம் கடையிலும், கடன் பத்திரத்திலும், தேர்தல் மேடையின் முன்பும் உங்களுக்கு உதவும்.

2025ஆம் ஆண்டில் சனியின் வளையங்கள் நம் பார்வைக்குப் பக்கவாட்டில் திரும்பி மெல்லிய கோடாய் நின்றன. தொடர்ந்து வரும் ஆண்டுகளில் அவை மெல்ல விரியும். அச்சிறுவனையும் அம்மூதாட்டியையும் மீண்டும் மாடிக்கு அழைத்து வாருங்கள். இம்முறை வரிசையில் அவர்களே முதலில் நிற்கட்டும்.

 ஜெய்பீம்!