திங்கட்கிழமை மாலைக்கு ஒரு சாலை



சென்னையில் சைக்கிளுக்காக ஒரு கூட்டம் போட்டால் உட்கார இடமில்லாமல் சுவரோரம் நிற்கிறார்கள். மனம் நிறைந்திருக்கிறது. உங்களிடம் ஒரு கோரிக்கையும் கொண்டுவந்திருக்கிறேன். அதற்கு முன் உங்களைப் புதுக்கோட்டைக்கு அழைத்துப் போக வேண்டும்.

1991-ஆம் ஆண்டு. மாவட்ட ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத். அறிவொளி இயக்கம் ஊர் ஊராகப் போய்க்கொண்டிருந்த காலம். எழுத்துச் சொல்லிக்கொடுக்கப் போன அந்த இயக்கம், பெண்களுக்குச் சைக்கிளும் சொல்லிக்கொடுத்தது. பக்கத்து ஊருக்குப் போக வேண்டுமா, பஸ்ஸுக்குக் காத்து நில். பஸ் வரவில்லையா, கொண்டுபோய் விட அண்ணனோ வீட்டுக்காரரோ மனம் வைக்க வேண்டும். அந்தக் காத்திருப்பைத்தான் சைக்கிள் உடைத்தது. கல் குவாரியில் வேலை செய்த பெண்கள், களை எடுக்கப் போன பெண்கள், அங்கன்வாடி ஊழியர்கள், ஆசிரியைகள் என்று ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட கிராமத்துப் பெண்கள் ஓட்டக் கற்றார்கள். தெருவில் கேலி பேசினார்கள். காதில் போட்டுக்கொள்ளாமல் மிதித்தார்கள். 1992 மகளிர் தினத்தன்று 1,500 பெண்கள் ஹேண்டில்பாரில் கொடி கட்டி, மணி அடித்துக்கொண்டு புதுக்கோட்டை நகருக்குள் வந்தார்கள்.

பத்திரிகையாளர் பி. சாய்நாத் அதை எழுதியிருக்கிறார். அவர் பதிவு செய்த ஒரு செய்தியை நான் மறப்பதே இல்லை. லேடீஸ் சைக்கிள் கிடைக்காமல் ஆண்கள் சைக்கிளை வாங்கினார்கள் பலர். சிலரோ அதையே விரும்பிக் கேட்டார்கள். ஏன் தெரியுமா? முன்னால் இருக்கும் பாரில் பிள்ளையை உட்காரவைக்கலாம்! பின்னால் கேரியரில் மூட்டை, முன்னால் பிள்ளை, நடுவில் தாய். ஒரு குடும்பத்தின் பாதி நாள் அந்த இரண்டு சக்கரத்தில் ஏறிக்கொண்டது. நம் மண்ணில் சைக்கிள் இயக்கம் என்று ஒன்று உண்டென்றால், அந்தத் தாய்தான் அதன் தலைவி என்பேன்.

இப்போது கடல் கடந்து நெதர்லாந்துக்கு வாருங்கள். இன்று அது சைக்கிள் நாடு. பிறவியிலேயே அப்படி என்று நினைக்கிறோம். ஆனால் 1971-இல் அந்தச் சிறிய நாட்டில் சாலை விபத்துகளில் இறந்தவர்கள் சுமார் 3,300 பேர். அதில் நானூறுக்கும் மேற்பட்டவர்கள் குழந்தைகள். மகளைப் பறிகொடுத்த ஒரு பத்திரிகையாளர், 'குழந்தைக் கொலையை நிறுத்துங்கள்' என்று எழுதினார். அந்தத் தலைப்பே ஓர் இயக்கத்தின் பெயரானது. பெற்றவர்கள் தெருவுக்கு வந்தார்கள். ஆம்ஸ்டர்டாமில் சைக்கிளைக் கிடத்தி, அதன் பக்கத்திலேயே சாலையில் படுத்தார்கள். 1973-இல் பெட்ரோல் தட்டுப்பாடு வந்து, ஞாயிற்றுக்கிழமைகளில் கார் ஓடக்கூடாது என்று அரசே உத்தரவிட்டபோது, வெறுமையான சாலை எப்படி இருக்கும் என்பதை மக்கள் கண்ணால் பார்த்தார்கள். அதன்பிறகு படிப்படியாகத் தனிப்பாதைகள் பெருகின. யாரும் தானமாகக் கொடுக்கவில்லை, நண்பர்களே. கேட்டு, மறித்து, மறுபடி கேட்டு வாங்கினார்கள்.

நம்மிடம் என்ன குறை? 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, விவசாயம் தவிர்த்த வேலைகளுக்குப் போகும் இந்தியர்களில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் நடந்தோ சைக்கிளிலோதான் போனார்கள். நம் தமிழக அரசு ஆண்டுதோறும் லட்சக்கணக்கான பள்ளிப் பிள்ளைகளுக்கு விலையில்லா சைக்கிள் தருகிறது. கொடுத்த சைக்கிளை ஓட்டப் பாதை எங்கே? சென்னை மாநகராட்சி 2014-லேயே, நடப்பவருக்கும் சைக்கிளில் போகிறவருக்கும் முன்னுரிமை தரும் கொள்கையை ஏற்றது. போக்குவரத்துக்கான நிதியில் 60 விழுக்காடாவது அவர்களுக்கு என்று அதில் எழுதியிருக்கிறது. தாளில் இருக்கிறது! தெருவில் நடைபாதையை டிரான்ஸ்ஃபார்மரும் பைக்கும் பிடித்துக்கொண்டிருக்கின்றன.

இதோ என் கோரிக்கை. நாம் ஞாயிறு காலை ஆறு மணிக்குச் சைக்கிள் ஓட்டக் கூடுகிறோம். கடற்கரைக் காற்று, காலியான சாலை. நல்லதுதான், விட வேண்டாம். ஆனால் அந்த நேரத்தில் பேப்பர் போடும் தம்பி தன் சைக்கிளில் தெருத்தெருவாகச் சுற்றிக்கொண்டிருக்கிறான். இரவு முழுக்க விழித்த காவலாளி அப்போதுதான் வீட்டுக்கு மிதிக்கிறார். கேனைக் கட்டிக்கொண்டு டீ விற்பவர், சாந்துச் சட்டியைக் கேரியரில் வைத்துப் போகும் கொத்தனார் — நகரத்தில் தினமும் சைக்கிள் ஓட்டுகிறவர்கள் இவர்கள். இந்த அரங்கில் இவர்களில் எத்தனை பேர் இருக்கிறார்கள்? இவர்கள் இல்லாமல் நாம் தீட்டும் கோரிக்கைப் பட்டியலில் கடற்கரைச் சாலை இருக்கும், தொழிற்பேட்டைச் சாலை இருக்காது.

ஆகவே நான் முன்மொழிகிறேன். அடுத்த கூட்டம் திங்கட்கிழமை மாலை ஆறு மணிக்கு. இடம், அம்பத்தூர் தொழிற்பேட்டை. ஷிஃப்ட் முடிந்து வருகிறவர்களோடு சேர்ந்து, அவர்கள் வீடு வரைக்கும் மிதிப்போம். எந்த இடத்தில் பஸ் ஒதுக்குகிறது, எந்தப் பாலத்தில் இறங்கித் தள்ள வேண்டியிருக்கிறது, எந்த வளைவில் விளக்கு எரியவில்லை என்று அவர்கள் வாயாலேயே கேட்டுக் குறித்துக்கொள்வோம். அந்தக் குறிப்போடு வார்டு கவுன்சிலரிடம் போவோம்; அவர்களில் ஒருவரே பேசட்டும்.

செயலாளர் குறிப்பேட்டைத் திறந்துவிட்டார். எந்தத் திங்கட்கிழமை என்று நீங்கள் சொல்லுங்கள், நான் வருகிறேன்.