ஆடிக் காற்றும் ஐப்பசித் தறியும்

(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



"எரிசக்தி, சுற்றுச்சூழல் துறைகளில் முனைவர் பட்டத்துக்குப் பிந்தைய ஆய்வு வாய்ப்புகள்" என்று எனக்குத் தலைப்புக் கொடுத்திருக்கிறார்கள். எங்கள் தெரு அண்ணாச்சி ஒருவர் இதையே சுருக்கமாகக் கேட்டார்: "டாக்டர் பட்டம்தான் வாங்கியாச்சே, இன்னும் என்னத்தய்யா படிக்கப் போற?"

இது படிப்பே இல்லை, அண்ணாச்சி. பரீட்சையும் கிடையாது, புதுப் பட்டமும் கிடையாது. ஒரு கேள்வியை எடுத்துக்கொண்டு, தகுந்த ஆய்வுக்கூடத்தில், உதவித்தொகையோடு இரண்டு வருடம் போல உழைப்பது. அதைத்தான் போஸ்ட்டாக் என்கிறோம்.

என் கேள்வியை எனக்குக் கொடுத்தவர் பேராசிரியர் அல்ல, என் அப்பா. சங்கரன்கோவிலில் எங்களுக்கு நான்கு விசைத்தறி. 2012-ஆம் வருடத்து மின்வெட்டை மூத்தவர்கள் மறந்திருக்க மாட்டீர்கள். ஆடித்தபசு சமயத்தில் காற்று வீசும், தறி ஒருவாறு ஓடும். காற்று ஓய்ந்து ஐப்பசி வந்ததும் பத்து மணி நேரத்துக்கு மேல் கரண்ட் இருக்காது. ஒரு நாள் நின்றுபோன தறிக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு அப்பா கேட்டார்: "ஏலே, ஆடியில வீணாப் போற காத்த ஐப்பசிக்கு எடுத்து வைக்க ஒரு வழியும் இல்லியா?"

அந்தக் கேள்வி இன்னும் முடியவில்லை. தமிழ்நாட்டின் காற்றாலைத் திறன் 10,000 மெகாவாட்டைத் தாண்டிவிட்டது. ஆனால் ஆரல்வாய்மொழி, செங்கோட்டை, பாலக்காட்டுக் கணவாய்கள் வழியாக வரும் காற்று மே முதல் செப்டம்பர் வரைதான் பலமாக இருக்கும். பேட்டரி சில மணி நேரத்துக்குத் தாங்கும். கடம்பாறையில் 400 மெகாவாட் நீரேற்று மின் நிலையம் இருக்கிறது. அதுவும் மாதக்கணக்கில் சேமிக்கக் கட்டியது அல்ல. ஹைட்ரஜனாக மாற்றி வைக்கலாமா, சூரிய மின்சாரத்தோடு சேர்த்துத் திட்டமிடலாமா, தேய்ந்த பழைய காற்றாலை இறக்கைகளை என்ன செய்வது — இவை எல்லாம் ஆராய்ச்சிதான். இவற்றுக்குக் களம் நம் வீட்டுக் கொல்லைப்புறத்திலேயே இருக்கிறது.

இடங்களும் ரொம்பத் தூரத்தில் இல்லை. கயத்தாறில் காற்றாலைச் சோதனை நிலையம் இருக்கிறது; அதை நடத்தும் தேசிய காற்று சக்தி நிறுவனம் சென்னையில். மின்வேதியியலுக்கும் பேட்டரிக்கும் காரைக்குடி சிக்ரி. சுற்றுச்சூழல் அறிவியலுக்கு ஆழ்வார்குறிச்சியிலேயே மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்தின் மையம். நாக்பூரில் நீரி. பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் திவேச்சா பருவநிலை மையம்.

உதவித்தொகைகளில் ஒரு விஷயத்தை மட்டும் மனதில் வையுங்கள்: எல்லாவற்றுக்கும் கெடு உண்டு. முன்பு செர்ப் நடத்திய தேசிய போஸ்ட்டாக் உதவித்தொகை இப்போது அனுசந்தான் அறக்கட்டளையின் கீழ் வருகிறது. அதற்கு வயது வரம்பு 35. பெண்களுக்கும், பட்டியல், பழங்குடி, பிற்படுத்தப்பட்ட வகுப்பினருக்கும் ஐந்து வருடத் தளர்வு உண்டு. ஜெர்மனியின் ஹம்போல்ட் என்றால் முனைவர் பட்டம் வாங்கி நான்கு வருடத்துக்குள் விண்ணப்பிக்க வேண்டும். ஜப்பானின் ஜே.எஸ்.பி.எஸ். என்றால் ஆறு வருடம். விதிகள் மாறும், ஒவ்வொரு வருடமும் அறிவிப்பைப் படித்துவிடுங்கள்.

இதை ஏன் அழுத்திச் சொல்கிறேன் என்றால், நான் ஏமாந்தேன். 2017-இல் பட்டம் வாங்கினேன். வீட்டில் அக்கா கல்யாணக் கடன். வேலைக்குப் போனேன், அதில் வருத்தமில்லை, கடன் அடைந்தது. ஆனால் கெடு ஓடிக்கொண்டிருந்தது எனக்குத் தெரியாது. கேட்டுச் சொல்லவும் பக்கத்தில் ஆளில்லை. 2022-இல் விழித்தபோது ஹம்போல்ட் கதவு மூடியிருந்தது.

மிச்சமிருந்த வாய்ப்புக்காக இருபது பேராசிரியர்களுக்கு எழுதினேன். "எந்தத் தலைப்பு கொடுத்தாலும் செய்கிறேன், ஐயா" என்று பணிவாகத்தான் எழுதினேன். ஒருவரும் பதில் போடவில்லை. எதையும் செய்வேன் என்பவனுக்குச் சொந்தமாக ஒரு கேள்வி இல்லை என்றுதானே அர்த்தம்? பிறகு அப்பாவின் கேள்வியை ஒரே பக்கத்தில் எழுதினேன்: எந்த மாதம் எவ்வளவு காற்று, எவ்வளவு தேவை, நான் எதைக் கணக்கிடுவேன் என்று. நான்காம் நாள் பதில் வந்தது. அந்தப் பேராசிரியரின் வழிகாட்டலோடு விண்ணப்பித்து, இரண்டு வருடம் ஆய்வு செய்தேன்.

இதில் கஷ்டமும் உண்டு. இது நிரந்தர வேலை அல்ல. இரண்டு வருடம் முடிந்ததும் அடுத்தது என்ன என்ற பயம் எனக்கும் இருந்தது. கேள்வி எதுவும் இல்லாமல், வேலை கிடைக்கும்வரை ஒதுங்க இடமாக மட்டும் இதை எடுக்காதீர்கள்.

அன்னா மணி அம்மையாரை நினைத்துக்கொள்ளுங்கள். சர் சி.வி. ராமனிடம் ஆய்வு செய்தும், முதுகலைப் பட்டம் இல்லாததால் அவருக்கு முனைவர் பட்டம் கிடைக்கவில்லை. வானிலைத் துறையில் கருவிகள் செய்தார். ஓய்வு பெற்ற பிறகும் பெங்களூரில் இருந்துகொண்டு நாட்டின் காற்று வேகத்தை அளந்தார். பட்டத்தைவிட அளவீடு பெரிது என்று காட்டியவர் அவர்.

தம்பி தங்கைகளே, உங்களுக்கு நான் கேட்பது சின்ன வேலை. உங்கள் வீட்டிலோ வயலிலோ தறிக்கூடத்திலோ ஒரு கேள்வி இருக்கும். அதை ஒரு பக்கம் எழுதி நம் சங்கத்தில் கொடுங்கள். நான் படித்துத் திருத்தித் தருகிறேன். முனைவர் பட்டம் பெற்ற மற்ற முன்னாள் மாணவர்களும் கை கொடுக்க வேண்டும். எனக்குச் சொல்ல ஆளில்லாமல் போனது போல உங்களுக்குப் போகக் கூடாது.

அப்பா இப்போது தறி ஓட்டுவதில்லை. ஊருக்கு வரும்போதெல்லாம், "என்னலே, எடுத்து வச்சாச்சா?" என்று கேட்கிறார். "கொஞ்சம் கொஞ்சமா வைக்கோம்பா" என்று சொல்லிக்கொண்டிருக்கிறேன்.